இன்ஜினியரின் அப்பாவும் எங்கள் பேனரும்

என் மாமாவுக்கு மைக் என்றால் உயிர். இன்றைக்கும் சுங்கை பட்டாணிப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுக் கருமாதி என்றாலும், மைக் என்று ஒன்று இருந்தால் அது எப்படியோ அவர் கைக்குப் போய்விடும். திரும்ப வாங்குவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அம்மாவுடன் பிறந்த அண்ணன். எனக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்கார வைத்துத்தான். இதை அவர் படித்தால் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார். ஏறாமல் இருக்கட்டும். அன்றைக்கு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை வருடம்தான் மாமா ஆயிற்றே என்று மென்று விழுங்கிக்கொண்டிருப்பது?

எனக்கு அப்போது பத்து வயது. கூலிமில், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, பிறகு செம்பனையையும் வெட்டிவிட்டு வீடு கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. அங்கே புது இயந்திரங்கள் வந்தபோது, அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து ஓர் இன்ஜினியரும் கூடவே வந்தார். மூன்று மாதத்துக்கு என்று வந்தவர் இரண்டு வருடம் இருந்துவிட்டார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், தனியாள். தாமானில் மற்றவர்களுக்கு அவர் மாட் சாலே. எந்த வெள்ளைக்காரர் வந்தாலும் எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். எங்கள் வீட்டில் மட்டும் இன்ஜினியர். ஸ்பெயின்காரர் என்று அப்பா யாருக்காவது அறிமுகப்படுத்தினால், ஸ்பெயினின் வடக்கு மூலையில் பாஸ்க் நாடு என்று ஒன்று உண்டு, தான் அந்த ஊர்க்காரன் என்று மேசைமேல் விரலால் வரைந்து காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு செம்பனைக் காட்டுப் பாதையில் சைக்கிள் விடுவார். தோட்டத்து நாய்கள் அவ்வளவும் அவரைத் துரத்தும். கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குவார். அம்மா தோசை ஊற்றுவார். நெத்திலி சம்பலைத் தொட்டுத் தின்றுவிட்டுக் காது சிவந்து உட்கார்ந்திருப்பார், ஆனால் போதும் என்று சொல்லமாட்டார். அவ்வளவு விலை கூடிய சைக்கிளில் மணி இல்லையே என்று நான் ஒரு நாள் குறை சொன்னேன். அடுத்த வாரம் பொம்மைப் படம் போட்ட ஒரு குழந்தைச் சைக்கிள் மணியை அதில் மாட்டிக்கொண்டு வந்தார். அதை அடிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அவர் என் சொத்து என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு நான் தமிழ்ப்பள்ளி வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். தன் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, வகுப்பில் தாய்மொழியில் பேசினால் வாத்தியார் பிரம்பால் அடிப்பாராம். அப்போது அங்கே சர்வாதிகாரி ஒருவரின் ஆட்சி, பாஸ்க் மொழிக்குப் பள்ளியில் இடம் கிடையாது. அடி வாங்கிய பையன் வளர்ந்து, பிறகு அதே மொழிக்கு ஆசிரியர் ஆனாராம். இன்ஜினியர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அப்பா தமக்கு வந்த அளவில் தமிழில் எங்களுக்குச் சொன்னார். பிறகு இன்ஜினியர் பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கண்ணாடி போட்ட ஒருவர், கையில் மடக்கிய குடை. அப்பாவை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள், அப்போது எனக்குப் பதினான்கு வயது என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. துக்கம் சொல்கிறவரைக் குடைந்து கேட்பது அப்பாவுக்குப் பழக்கமில்லை.

மாமாவிடம் அப்பா இதைச் சொன்னதுதான் வினை.

அது ஈழத்தில் போர் முடிந்த மறு வருடம். எங்கள் தாமானில் அந்த மே மாதத்தை மறந்தவர்கள் கிடையாது. பெரிய பெரிய ஆண்கள் கணினித் திரையின் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். மாமா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தத் துக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். அது உண்மை, இன்றும் ஆறவில்லை. அவ்வளவு சனம் கடற்கரையில் செத்துக்கொண்டிருந்தபோது உலகம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்ற கோபம் எனக்கும் உண்டு. செத்தவர்களுக்கு முதலாண்டு நினைவேந்தல் நடத்த வேண்டும், கோயில் மண்டபத்தில் படங்கள் வைத்து விளக்கு ஏற்ற வேண்டும் என்று மாமா ஓடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் காதில் விழுந்தது: சுட்டுக் கொல்லப்பட்ட மொழி ஆசிரியர் ஒருவரின் மகன், நம் மச்சான் வீட்டில் தோசை சாப்பிடுகிறார்.

மாமா சைபர் கடையில் போய் உட்கார்ந்து தேடினார். பாஸ்க் நாட்டில் தனி நாடு கேட்டு அரை நூற்றாண்டாகத் துப்பாக்கி ஏந்தும் இயக்கம் ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தார். அது போதாதென்று, பாஸ்க் மொழியும் தமிழும் ஒரே தாயின் பிள்ளைகள், கடல்கோளில் பிரிந்துபோனவர்கள் என்று எந்தப் புண்ணியவானோ இணையத்தில் எழுதி வைத்திருந்ததையும் அச்செடுத்துக்கொண்டு வந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நமக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்கள், நாம் அநாதை இல்லை என்றார். இன்ஜினியரைச் சிறப்பு விருந்தினராக அழைக்க வேண்டும், அவர் அப்பாவின் படத்தையும் நம் மாவீரர்களோடு வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அம்மா அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து ஒன்று கேட்டார்.

“அண்ணே, அவங்க அப்பாவ யாரு சுட்டதுன்னு கேட்டீங்களா?”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதெல்லாம் கேக்கணுமா தங்கச்சி? மொழிக்காக அடி வாங்குன மனுசன வேற யாரு சுடுவா? கவர்மெண்டுதான் லா.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விழாக் குழுவில் பதினாறு பேர் இருந்தார்கள். ஆசிரியர் இருந்தார், வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர் இருந்தார், கோயில் தலைவர் இருந்தார். கொல்லப்பட்டவர் என்றால் நம் ஆள், கொன்றவன் என்றால் அரசாங்கம். இந்தக் கணக்கில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மனிதரின் அப்பா செத்த கதையை அந்த மனிதரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் இத்தனை பேரில் ஒருவருக்கும் உதிக்கவில்லை.

அழைக்கப் போனது அப்பா. எங்கள் ஆள்கள் கொல்லப்பட்டவர்களுக்கு விளக்கு ஏற்றுகிறார்கள், உன் அப்பாவுக்கும் ஒரு விளக்கு ஏற்ற ஆசைப்படுகிறார்கள் என்று சொன்னாராம். இன்ஜினியர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாராம். நூறு பேர் வருவார்கள் என்றார் அப்பா. விளக்கு ஏற்றும்போது எழுந்து நிற்பார்களா என்று கேட்டாராம். நிற்பார்கள், அது எங்கள் வழக்கம் என்றார் அப்பா. தன் அப்பாவுக்காக நான்கு பேர் சேர்ந்து எழுந்து நின்று தான் பார்த்ததேயில்லை என்று இன்ஜினியர் சொன்னாராம். படத்தைப் பணப்பையிலிருந்து எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து, அப்பா கையில் கொடுத்தார். பெரிதாக்கிவிட்டுத் திருப்பித் தர வேண்டும், இது ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார். நினைவேந்தல் நடக்கவிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்னவாக இருந்தது என்பது இதிலேயே தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது. மாமாவுக்கு அது பேனர் கடைக்குக் கொடுக்க ஒரு படம்.

நினைவேந்தல் காலை பத்து மணிக்கு. மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் தாங்கவில்லை. மேடையில் நீள மேசை, வெள்ளைத் துணி, ஈழத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அகல்விளக்கு. பின்சுவர் முழுவதையும் மறைத்துப் பேனர். அதன்மேல் மஞ்சள் துணியால் திரை போட்டிருந்தார்கள். திறந்துவைக்கும் மரியாதை சிறப்பு விருந்தினருக்கு. இன்ஜினியர் முழுக்கைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரை அந்த உடையில் நான் பார்த்ததேயில்லை. தலையைத் தண்ணீர் வைத்துப் படிய வாரியிருந்தார், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைபோல.

மாமா அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். பிறகு பேசினார். வீட்டில் பேசும் தமிழ் வேறு, மேடையில் மாமா பேசும் தமிழ் வேறு. மேடைத் தமிழுக்கு மூச்சு அதிகம் வேண்டும். உலகின் மூத்த குடிகள் இரண்டு, அவற்றில் ஒன்று கண்ணீரோடும் இன்னொன்று கருவியோடும் நிற்கிறது என்றார். வீரத் தந்தையின் மகன் இதோ என்றார். கைதட்டல். அருகில் உட்கார்ந்திருந்த அப்பா எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், உன் அப்பாவைப் பாராட்டுகிறார்கள் என்று மட்டும் காதில் சொன்னார். இன்ஜினியர் கைகூப்பினார். கூட்டம் எழுந்து நின்றது. நூறு பேருக்குமேல் இருக்கும். அவர் திரும்பி அவ்வளவு பேரையும் ஒரு தடவை பார்த்தார். கண் கலங்கியிருந்தது, முன்வரிசையில் இருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு கயிற்றை இழுத்தார்.

பேனரில் ஒரு பாதி ஈழம். இன்னொரு பாதியில், கறுப்புத் தொப்பியும் வெள்ளை முகத்திரையும் போட்ட மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமா இணையத்திலிருந்து எடுத்த படம். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. சுற்றிலும் துப்பாக்கிகளைப் பேனர் கடைக்காரர் தாராளமாக அடுக்கியிருந்தார். அந்த மூவருக்கும் கீழே, வட்டத்துக்குள், குடையோடு இன்ஜினியரின் அப்பா. அடியில் கொட்டை எழுத்தில் ‘பாஸ்க் தேசத்து மாவீரர்’. தமிழ் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் முகத்திரைகளைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். கயிறு கையிலேயே இருந்தது. பிறகு காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு, சைக்கிளுக்கு என்று எப்போதும் வைத்திருக்கும் மடக்குக் கருவியை எடுத்து, அதில் இருந்த சின்னக் கத்தியை நிமிர்த்தினார். மேடையில் இருந்த இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, தன் அப்பாவைப் பேனரிலிருந்து வெட்டி எடுக்க ஆரம்பித்தார். மெதுவாக வெட்டினார். வட்டத்தை ஒட்டி, பக்கத்தில் எங்கள் பெண்பிள்ளை ஒருத்தியின் படம் இருந்தது. அது கிழிந்துவிடாமல் அங்கே மட்டும் கத்தியை உள்ளே வளைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு ஆத்திரத்திலும் நம் வீட்டுச் சாவை அவர் தொடவில்லை. இதை நான் அன்றே பார்த்தேன். ஆனால் பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

மண்டபம் என்ன செய்தது தெரியுமா? கைதட்டியது. மாமாதான் மைக்கில் ஆரம்பித்து வைத்தார்: நம் சகோதரர் உணர்ச்சிவசப்பட்டு, தந்தையின் திருவுருவத்தை நினைவாக எடுத்துச் செல்கிறார். உடனே நூறு பேரும் தட்டினார்கள். விசில்கூட வந்தது. இன்ஜினியர் நாற்காலியிலிருந்து இறங்கி, வெட்டியதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து நான்காக மடித்து நாற்காலியில் வைத்தார். மேடையின் ஓரப் படியில் இறங்கி, நடுவழியே நடந்து, வெளியே போய்விட்டார். பொன்னாடையைத் திருப்பி வைத்ததைப் பார்த்த பிறகுதான் கைதட்டல் நின்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அவர்மேல்! என் மாமா அலைந்து திரிந்து செய்த பேனரை ஓட்டை போட்டுவிட்டார். கூடியிருந்த பெரியவர்கள் முன்னால் பொன்னாடையைத் திருப்பி வைத்துவிட்டார். தோசை சாப்பிட்ட நன்றிகூட இல்லையே என்று பத்து வயதில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அவர் பின்னாலேயே கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நிகழ்ச்சி எப்படியோ முடிந்து, மண்டபத்தின் பின்கட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சோற்று அண்டாவின் முன்னால் நின்றார். அப்பா அங்கே வந்து, மாமாவையும் அழைத்து வைத்துச் சொன்னார். நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

இன்ஜினியரின் அப்பாவைச் சுட்டது ராணுவம் இல்லை, போலீஸ் இல்லை. பேனரில் முகத்திரையோடு உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் இயக்கம்தான். சர்வாதிகாரி செத்து, தேர்தல் வந்து, பாஸ்க் மொழி பள்ளிக்கூடத்துக்குள் வந்த பிறகு நடந்த கதை இது. அவர் ஆசிரியராகவும் இருந்தார், ஊர் மன்ற உறுப்பினராகவும் இருந்தார். இயக்கம் கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்த ஒரு கடைக்காரரை அவர்கள் கொன்றார்கள். மன்றத்தில் எல்லாரும் குனிந்துகொண்டிருக்க, இவர் மட்டும் எழுந்து, இது கொலை, இதற்கு வேறு பெயர் கிடையாது என்று பாஸ்க் மொழியிலேயே பேசினார். சில மாதம் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்து முடித்துவிட்டார்கள். சுட்டவர்களில் ஒருவன் அதே ஊர்ப் பையன். சவ ஊர்வலம் போன தெருவில் சன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டார்களாம். இன்ஜினியரின் அம்மா வாசலில் வைக்கும் பூவை யாரோ தினமும் காலால் எத்திவிட்டுப் போனார்களாம். இதைச் சொல்லிவிட்டு அப்பா, சுவரோரம் இருந்த ஈரப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் கையால் அவரிடம் படத்தை வாங்கினேன் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

மாமாவுக்கு ஒரு விநாடி முகம் சுண்டியது. அந்த ஒரு விநாடியிலேயே அவர் நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை.

“சும்மாவா சுடுவாங்க மச்சான்? ஏதாச்சும் செஞ்சிருப்பாரு லா.”

அம்மா சோற்றுக் கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டார்.

“பேசினாருண்ணே. அதான் செஞ்சாரு. நீங்களும் தெனமும் பேசுறீங்க.”

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல், வெயிலில் வீட்டுக்கு நடந்து போய்விட்டார். பொம்பளைங்களுக்கு அரசியல் விளங்காது என்று மாமா சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அம்மாமேலும் கோபம் வந்தது. மாமா சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. அடி வாங்கிய பிள்ளை ஏதாவது செய்திருக்கும் என்றுதான் எங்கள் வகுப்பிலும் சொல்வார்கள்.

இப்போது நான் ஜித்ராவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பாஸ்க் இயக்கத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். மாமா சைபர் கடையில் படித்த முதல் அத்தியாயம் பொய் இல்லை. மொழியை நசுக்கிய ஆட்சி இருந்தது, அதை எதிர்த்து மாணவர்கள் சேர்ந்தார்கள், ஆரம்பத்தில் அவர்களுக்காக உருகியவர்கள் பலர். அரசாங்கமும் யோக்கியமில்லை, காவல் கொட்டடியில் சித்திரவதை செய்தது, கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றது. ஆனால் அடுத்த அத்தியாயத்தை மாமா புரட்டவே இல்லை. சர்வாதிகாரி போனபின், சொந்தப் பாராளுமன்றம் வந்தபின், மொழி தலை நிமிர்ந்தபின்தான் அவர்கள் அதிகமாகக் கொன்றார்கள். நீதிபதி, பத்திரிகைக்காரர், பேராசிரியர், ஊர் மன்றத்துக்காரர், பேரங்காடிக்குச் சாமான் வாங்க வந்த தாயும் பிள்ளையும். கடைசியில் ஓய்ந்து, கூடாரத்தைக் கலைத்தபோது மன்னிப்பும் கேட்டார்கள். அதிலும் தரம் பிரித்தார்கள்: போராட்டத்தில் சம்பந்தமில்லாமல் செத்தவர்களிடம் மட்டும் மன்னிப்பு. குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போன மொழி ஆசிரியர் எந்தத் தரத்தில் சேர்வார் என்று கேட்க எனக்கு நாக்குத் துடிக்கிறது.

இதையெல்லாம்விட ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாட்டில், யாரையாவது சுட்டுப் போட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வார்களாம். ஏதாவது செய்திருப்பார் என்பதுதான் அந்த வாக்கியம். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கூலிமில், சோற்று அண்டாவின் பக்கத்தில் நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலே என் மாமா அதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் சனம் கொல்லப்பட்டபோதும் உலகம் அதைத்தான் சொன்னது, அவர்கள் ஏதாவது செய்திருப்பார்கள் என்று. அதைக் கேட்டுத்தானே மாமா இரண்டு நாள் பட்டினி கிடந்தார்? பட்ட அடி இன்னும் ஆறாமல் இருக்கும்போதே அதே சொல்லை எடுத்து இன்னொருவர் மேல் வீச ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

அடுத்த ஞாயிறு இன்ஜினியர் வந்தார். அவர் வருவார் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமா வழக்கம்போல வந்து கூடத்தில் பிரம்பு நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். இன்ஜினியர் உள்ளே வராமல், வாசல் இரும்புக் கதவுக்கு வெளியே தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, மாமாவைப் பார்த்துப் பேசினார். அவர் சொல்லச் சொல்ல அப்பா தமிழில் சொன்னார்: பல பேர் உழைத்துச் செய்த பேனரைக் கெடுத்தது தவறு. சாமி இருக்கும் இடத்தில் கத்தி எடுத்தது அதைவிடத் தவறு. அந்தப் படங்களில் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்; அவர்களுடைய நாளைத் தான் பாழாக்கிவிட்டதாக வாரம் முழுவதும் வருத்தப்பட்டதாகச் சொன்னார். தன்னை மன்னிக்கும்படி எங்களிடம் கேட்டார். 

மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. செய்தித்தாளை மடித்தார்.

“பரவால்ல, மறந்துருவோம்னு சொல்லுங்க மச்சான்.”

எனக்குப் பரம திருப்தி. தப்புச் செய்தவர் வந்து ஒப்புக்கொண்டார், பெரிய மனது பண்ணி மாமா விட்டுவிட்டார், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அம்மா வந்து கதவைத் திறந்தார். மாமாவின் பக்கம் திரும்பாமல் இன்ஜினியரைக் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய் கொஞ்சம்தான். அதில் கேட்டார்: உங்க அப்பாவுக்குச் சாப்பிட என்ன புடிக்கும்? அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. போனவங்களுக்குப் புடிச்சத நாங்க இலையில வைப்போம், எங்க அப்பாவுக்கு மீ கோரெங்தான் பிரட்டி வைக்கிறது என்று அம்மா சொன்னார். அதன்பிறகு இன்ஜினியர், இக்கான் மாசின் என்றார். கருவாடு. உப்பில் காய்ந்த பெரிய மீனைக் கொண்டைக்கடலையோடு சமைத்தால் அப்பா சட்டியை வழித்துத் தின்பார் என்று கையால் காட்டினார். அம்மா சிரித்துவிட்டார். கோலா கெடாவில் வாங்கி வந்த கருவாடு மேல்தட்டில் இருந்தது. கடலையைக் காலையில்தான் பூரிக்கு என்று வேக வைத்திருந்தார்.

வீடு முழுக்கக் கருவாட்டு வாடை. அம்மா தரையைத் துடைத்து, தலைவாழை இலையைப் போட்டுப் படைத்தார். அப்பா திருப்பிக் கொடுத்திருந்த படத்தை இன்ஜினியர் பணப்பையிலிருந்து எடுத்துத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்தார். அம்மா விளக்கைக் கொடுக்க, அவர் ஏற்றினார். அம்மா எழுந்து நின்றார். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். என்னையும் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். கூடத்தில் செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது. இன்ஜினியர் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், பிறகு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சத்தம்போட்டு அழ ஆரம்பித்தார். எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாமாதான் மன்னித்துவிட்டாரே, இன்னும் எதற்காக அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.